அப்பாவின் நகமும் ஒரு நூடுல்ஸ் கட்டியும்

ஆம்பூர்க்காரன் எதையும் சும்மா நம்ப மாட்டான். முதலில் விரலால் தேய்த்துப் பார்ப்பான். அப்புறம் மடக்கிப் பார்ப்பான். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பான். கத்தரிக்காயோ, கல்யாணப் பத்திரிகையோ, புது மாப்பிள்ளையின் சட்டைக் காலரோ, எதுவும் இந்தச் சோதனைக்குத் தப்பாது. ஊரில் பாதிப் பேருக்குத் தோல்தான் சோறு போடுகிறது. தோலைப் பார்த்த கை மற்றதையும் அப்படித்தான் பார்க்கும்.

என் அப்பா இதில் மகாராஜா. டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மேஜைமேல் விரித்த தோலை ஒரு தடவு தடவியே 'ஏ கிரேடு', 'செகண்ட்ஸ்', 'ரிஜெக்‌ஷன்' என்று சொல்லிவிடுவார். முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டார். (நான் பிறந்தபோது என்னையும் தடவிப் பார்த்து 'செகண்ட்ஸ்' என்றாராம். அம்மா இதை மறுக்கிறாள். ஆனால் ரொம்ப அழுத்தமாக மறுப்பதில்லை.)

இப்படிப்பட்ட வீட்டுக்குள் வாலாஜாபேட்டையிலிருந்து ரேவதி மருமகளாக வந்தாள், வரும்போதே நூடுல்ஸையும் கூட்டிக்கொண்டு.

அவள் செய்கிற நூடுல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெங்காயம், கேரட், பீன்ஸ் வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றி, பாக்கெட்டில் வருகிற மசாலாவில் பாதியை மட்டும் போட்டு, மேலே மிளகுத்தூள் தூவுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு கிண்ணம். நூடுல்ஸ் நுனியை உதட்டில் பிடித்து உறிஞ்சினால், அதன் வால் கடைசி நொடியில் மூக்கில் அடித்துச் சட்டையில் மசாலா தெளிக்கும். அந்தக் கறையை யாரும் குறை சொல்லக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். புருஷன் பெண்டாட்டியாக நாங்கள் முதலில் ஒத்துப்போன விஷயமே அதுதான்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சமையலறைக்குள் வந்தார்.

"இன்னாம்மா இது?"

"நூடுல்ஸ் மாமா. உங்களுக்கும் போடட்டா?"

அப்பா அடுப்பருகே வந்தார். பிரித்து வைத்திருந்த ஒரு கட்டியை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். விரல்களைத் தேய்த்து முகர்ந்தார்.

"வேக்ஸ் ஃபினிஷ்," என்றார்.

"இன்னா மாமா?"

"மெழுகும்மா. மேல மெழுகு ஏத்தியிருக்கான். அதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்குது. ஷூவுக்கு ஏத்துனா மழத்தண்ணி எறங்காது. வயித்துக்கு ஏத்துனா? கொடலு பாலிஷ் ஆய்டும்."

"நான் ஸ்கூல் படிக்கறப்பலேருந்தே சாப்புடுறேன் மாமா. எனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"உள்ள இன்னா ஃபினிஷ்ல இருக்குதோ, யாரு பாத்தா?"

அம்மா கதவோரத்தில் நின்று, "அவரு கை தப்பா சொன்னதே இல்லம்மா," என்று தீர்ப்புக்கு முத்திரை குத்தினாள்.

ரேவதி அடுப்பை அணைத்தாள். அப்பா போனபிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, கொழம்புக்கு எவ்ளோ புளின்னு அத்தை சொல்றாங்க. காப்பிக்கு எவ்ளோ சக்கரைன்னு மாமா சொல்றாரு. இந்த வீட்ல நானா செஞ்சது இது ஒண்ணுதான். அதையும் நகத்தால கீறிட்டாரு."

அவள் அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். அழாமல் கேரட்டை எடுத்து ஃபிரிட்ஜில் திரும்ப வைத்தாள். அதுதான் என்னை வீரனாக்கியது.

அப்போது நான் ஒரு ஷூ கம்பெனியின் சோதனைக்கூடத்தில் உதவியாளன். தோலில் எண்ணெய் எவ்வளவு, மெழுகு எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலையே. நேராக அப்பாவிடம் போனேன்.

"நான் லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு வர்றேன். மெழுகு இல்லன்னா இன்னா பண்ணுவ?"

"நானே ஒரு தட்டு துன்றேன்."

"இருந்துச்சுன்னா?"

"இந்த வீட்டு அடுப்புல இனிமே அது ஏறக்கூடாது."

"சரி மாமா," என்றாள் பின்னாலிருந்து ரேவதி. மறுநாள் காலையில் என் சாப்பாட்டுப் பையில் இரண்டு நூடுல்ஸ் பாக்கெட்டுகள் இருந்தன. அவள் முகத்தில், பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிற களை.

எங்கள் லேபில் தின்பண்டம் கொண்டுவந்தால் வேலை போய்விடும். மிட்டாய்க் காகிதம் கிடந்தால்கூட ஆடிட்டில் எழுதிவிடுவார்கள். ஆனால் நான் கொண்டுபோனது தின்பண்டம் அல்ல, சாம்பிள். (என் மனசாட்சி எப்போதுமே வக்கீலுக்குப் படித்த மாதிரிதான் பேசும்.) லேப் தலைவர் நசீர் பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து ஒரு கட்டியை நொறுக்கினேன். தோலிலிருந்து கொழுப்பை இறக்குகிற கண்ணாடிக் கருவியில் போட்டு, கரைப்பானை ஊற்றிச் சூடேற்றினேன். கடைசியில் குடுவையின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் எண்ணெய் தங்கியது.

எண்ணெய்தான்! ஜெயித்துவிட்டேன் என்று குடுவையைக் குளிர்ந்த அறையில் வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பினால், எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. பார்க்க அச்சு அசல் மெழுகு.

அப்பாவின் நகம் என் கண்முன் வந்தது. பதறிப்போய்க் குடுவையை வெளியே வெயிலில் கொண்டுபோய் நின்றேன். உருகியது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் யோசித்தேன். எங்கள் மாவட்டத்து வெயிலில் எதுதான் உருகாது? மெழுகுவர்த்தியை வெளியே வைத்தாலும் அது வணக்கம் சொல்லிப் படுத்துவிடுமே!

ஆக, அந்தச் சோதனையில் ஒன்றும் தெளியவில்லை. இன்னொரு கட்டி மிச்சமிருந்தது. எந்த சாம்பிளையும் ஒரு நாள் முழுக்க குளிர்ந்த அறையில் வைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்பது லேப் விதி. அடுத்த சோதனையாவது முறைப்படி நடக்கட்டும் என்று அந்தக் கட்டியை, ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் சாம்பிள்கள் வரிசையாக இருந்த தட்டில், நடுவில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். உலகத்தில் விதியை மதித்துக் கெட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர் வந்து நின்றார். ஆறடிக்கும் மேலே, வெள்ளைக்காரர். பின்னாலேயே நசீர் பாய், வியர்வையில் நனைந்தபடி. வந்தவர் குளிர்ந்த அறைக்குள் நுழைந்ததும் காற்றை முகர்ந்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பார்த்தவர் நின்றுவிட்டார்.

"பியூட்டிஃபுல்! வாட் இஸ் திஸ்?"

இளம் பழுப்பு நிறம். நெளிநெளியாகப் பின்னல். ஓரம் சதுரமாகக் கச்சிதம். உண்மையைச் சொன்னால், தோல் வார்களைப் பின்னிச் செய்கிற ஷூ மேல்பாகம் மாதிரியேதான் இருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"நியூ அப்பர் சார். ஹேண்ட் மேட்."

நசீர் பாய் என்னைப் பார்த்தார். கட்டியைப் பார்த்தார். அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற சாமான் அவருக்குத் தெரியாதா? முகம் வெளுத்துவிட்டது.

ஆடிட்டர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எம்.டி.யிடம் காட்ட வேண்டும், வாருங்கள் என்றார். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் பிடித்தார், மடக்கிப் பார்க்க! (ஆம்பூருக்கு நாலு தடவை வந்தாலே இந்த வியாதி தொற்றிக்கொள்ளும்.)

மடக்கினால் நொறுங்கும். நொறுங்கினால் லேபில் தின்பண்டம். லேப் ஃபெயில், என் வேலை காலி, நசீர் பாயின் நல்ல பெயரும் காலி. "நூடுல்ஸால வேல போச்சாமே" என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். ரேவதியின் கேரட் ஃபிரிட்ஜிலேயே கிடக்கும்.

ஒரே பாய்ச்சலில் கட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டேன்.

கடக், முடக். அந்த அறையில் வேறு சத்தமே இல்லை. மசாலா இல்லாத நூடுல்ஸ், அதுவும் பச்சையாக, ஒரு வாய்க்கு ஒரு கட்டி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆடிட்டரின் கண்கள் என் தாடையோடு மேலும் கீழும் போய்வந்தன.

"ஹி இஸ் ஈட்டிங் த லெதர்," என்றார், நம்பமுடியாத குரலில்.

"இன்னாடா பண்ற நீ?" என்று என்னிடம் பல்லைக் கடித்த நசீர் பாய், அவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அதை என் கல்லறையில் பொறிக்கலாம்: "எங்கள் தோலின்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை சார்."

ஆனால் ஆடிட்டர் விதி தெரிந்தவர். தோலில் குரோமியம் இருக்கும், தின்றவனை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று கத்தினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. தையல் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க, நான் வாயோரம் துகளோடு படுத்தபடி பவனி போனேன். வண்டியில் நசீர் பாய் என் காதருகே குனிந்தார்.

"நூடுல்ஸுன்னு சொன்னா லேப் ஃபெயிலு. தோலுன்னு சொன்னா நீ மென்டலு. யோசிச்சேன். நீ மென்டலாவே இருந்துடுப்பா."

கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் மகன் தோல் சாம்பிளைத் தின்றுவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஆடா, மாடா?"

அவரும் ரேவதியும் வந்து சேர்ந்தபோது, நசீர் பாய் கதவைச் சாத்திவிட்டு டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லி முடித்திருந்தார். அப்பாவுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்தியாம்மா? நூடுல்ஸ் துன்னான், ஆஸ்பத்திரில படுத்துட்டான்!"

"பச்சையா துன்னா அரிசிகூடத்தான் மாமா வயித்த வலிக்கும்," என்றாள் ரேவதி. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அவருக்கு எதிர்த்துப் பேசினாள்.

எனக்கோ வயிறு வலிக்கவே இல்லை. வெட்கம்தான் வலித்தது. அந்த நிலையிலும் என் சந்தேகம் விடவில்லை. "டாக்டர், அதுல மெழுகு இருக்குதா? ஏசில வெச்சா வெள்ளையா ஒறையுது," என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மெழுகு இல்லீங்க. பாமாயில்ல பொரிச்சிருப்பாங்க, அது கூலிங்ல ஒறையும். டால்டா ஒறையல? மைதா, எண்ண, உப்பு, அவ்ளோதான். தெனம் இதே சாப்புட்டா நல்லதில்ல. எப்பவாச்சும், காய், முட்ட எல்லாம் போட்டு, மசாலாவக் கம்மி பண்ணி சாப்டுங்க. உப்புதான் ஜாஸ்தி. ஊறுகா, அப்பளம் மாதிரி."

ரேவதி மெல்லத் திரும்பி, மூன்று வேளையும் மாங்காய் ஊறுகாய் இல்லாமல் சாப்பிடாத மாமனாரைப் பார்த்தாள். அப்பா சுவரில் இருந்த காலண்டரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தட்டோடு உட்கார்ந்தார். விரலால் ஒரு நூடுல்ஸை எடுத்துத் தேய்த்தார். இழுத்துப் பார்த்தார். முகர்ந்தார். வாயில் போட்டார். வால் மூக்கில் அடித்து, வெள்ளை பனியனில் மசாலா தெளித்தது.

"செகண்ட்ஸ்," என்றார். பிறகு தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு, சரியா பாத்து சொல்றேன்."

இன்றுவரை சரியாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு. ஊறுகாய் ஒரு வேளைக்கு இறங்கியிருக்கிறது. லேபில் ஒரு பலகை தொங்குகிறது: 'சாம்பிள்களைச் சாப்பிடக் கூடாது.' புதிதாகச் சேருகிறவர்கள் இதை எதற்கு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். நசீர் பாய் என்னைக் கையால் காட்டுவார். அந்த ஆடிட்டர் இப்போதும் வந்தால் முதலில் என் உடம்பைப் பற்றித்தான் விசாரிக்கிறார். அவர் இருக்கும்வரை தோல் சாம்பிள்கள் என் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.

போன வாரம் என் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிக்கொண்டு வந்தோம். அவள் பெட்டியைத் திறந்து தாத்தாவிடம் காட்டினாள். அப்பா ஷூவைத் தடவி, மடக்கி, முகர்ந்து, "ஏ கிரேடு," என்றார். அப்புறம் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, பெட்டியை அவசரமாக மூடி அவளிடம் கொடுத்தார்.

"பீரோ மேல வைம்மா. உங்கப்பன் இன்னும் சாப்புடல."