பூப்போட்ட நைட்டியும் மாட்டுக் கொட்டகை மானியமும்

வெளியில் சொல்லக் கூடாத விஷயம்தான். ஆனால் கிராம சச்சிவாலயச் சுவரிலேயே (அதுதான் எங்கள் ஊர் அரசு ஆபீஸ்) படம் போட்டு ஒட்டிவிட்டார்கள், இனி நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? அரசாங்க மானியத்துக்காக ஒருநாள் அம்மாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

ஆந்திராவில், நாகலாபுரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு செவலைப் பசு. அம்மாவைத் தவிர யாரையும் கிட்டே சேர்க்காது. அதனாலேயே அம்மா ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. கண்ணில் புரை விழுந்தும் ஆபரேஷனை வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் மானியத்தில் புதுக் கொட்டகை கட்டினோம். பாதிப் பணம் வந்துவிட்டது. கொட்டகைக்குள் மாடு நிற்கிற போட்டோவை ஆப்பில் ஏற்றினால்தான் மீதி வரும். அதற்குக் கடைசி நாளும் அம்மாவின் ஆபரேஷனும் ஒரே நாளில் வந்து தொலைந்தன. "எனக்கு ஆபரேஷனே வாணாம்டா" என்று அம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

"ஒரு மாடுதானேம்மா! ஸ்ரீ சிட்டி கம்பெனியில எத்தினி பெரிய மெஷினெல்லாம் ஓட்டிக்கினு கீறேன். நீ திருப்பதி போ" என்று அக்காவோடு அனுப்பிவைத்தேன். (மெஷின் உதைக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

மத்தியானம் கால்நடை உதவியாளர் பைக்கில் வந்தார். சின்ன வயசுக்காரர். "ஒக்க போட்டோ சாலு அண்ணா, ஒண்ணே போதும். அஞ்சு மணிக்கு ஆப் குளோஸ் ஆயிடும், மாட்டை உள்ள கட்டுங்க."

செவலை சிமெண்ட் தரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நின்றுவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது திருப்பி இழுத்ததில் நான் எருக்குழியில் குப்புறக் கிடந்தேன். தவிட்டு வாளியைக் காட்டினேன். வாளிக்கு ஒரு உதை, எனக்கு ஒரு உதை. மணி நாலரை. வெட்கத்தை விட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள்.

"என் நைட்டியை மாட்டிக்கினு போடா. தோய்ச்சது வாணாம். கொடியில பூப்போட்டது ஒண்ணு அழுக்கா கீது பாரு, அது."

"யம்மா, மானம் போய்டும்!"

"உன் மானத்தை வச்சிக்கினு கொட்டாய் கட்ட முடியுமா? போடா!"

போட்டேன். முழங்காலோடு நின்றுவிட்டது (அம்மா குள்ளம்). தோளில் அவள் துண்டு. முகத்தில் நான் ஆசையாக வளர்த்த முறுக்கு மீசை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா வேலியோரம் எட்டிப் பார்த்து, "அம்மா அதுக்குள்ள வந்துட்டாங்களோன்னு நெனச்சேன்டா!" என்று சொல்லி, சிரிப்பு தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

செவலை என்னை மோந்து பார்த்தது. நைட்டியை ஒரு முறை நக்கியது. பிறகு நல்ல பிள்ளையாக என் பின்னாலேயே கொட்டகைக்குள் வந்து நின்றது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அழுமூஞ்சியோடு சேர்த்து உதவியாளர் போட்டோவை எடுத்துவிட்டார்.

"தம்பி, நான் நவுந்துக்கறேன், இன்னொண்ணு எடுங்க!"

"அப்லோட் அயிபோயிந்தி அண்ணா, ஏறிடுச்சு. இனிமே மாத்த முடியாது." சொல்லும்போதே அவருக்குத் தோள் குலுங்கியது.

அன்று சாயந்திரம் பாலும் நானே கறந்தேன். நைட்டியோடுதான்.

மீதிப் பணம் அம்மா கணக்கில் வந்து சேர்ந்தது. நல்லபடி முடிந்த கொட்டகைகளின் படங்களைச் சச்சிவாலயத்தில் ஒட்டினார்கள். அதில் முறுக்கு மீசையோடு நான், கீழே 'பயனாளி: முனியம்மா'. புரை நீங்கிய கண்ணோடு அம்மா நேராகப் போய்ப் பார்த்தது அந்தப் படத்தைத்தான். "எவ்ளோ தெளிவா தெரியுதுடா!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது அம்மா அக்கா வீட்டில் ஒரு வாரம்கூடத் தங்கிவிட்டு வருகிறாள். செவலையை நான் பார்த்துக்கொள்கிறேன். (பேன்ட்டோடு போனால் இன்றைக்கும் உதைதான்.) போன மாதம் தடாவில் துணிக்கடைக்குப் போனோம். தனக்கு ஒரு நைட்டி எடுத்துக்கொண்ட அம்மா, கடைக்காரரிடம் என்னைக் கைகாட்டி, "இவன் அளவுக்கும் ஒண்ணு காட்டுங்க" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதடா, நான் நாலு நாள் போட்டு அழுக்காக்கித் தரேன்" என்றாள்.