இருபத்தேழு ரெஸ்லாச் சாமி

புளியங்குளம் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய நெல் களஞ்சியத்துக்குள் கடவுள் எம்.ஆர்.ஐ. மெஷின் வைத்திருக்கிறார் என்ற செய்தி மூன்றே மாதத்தில் வன்னி முழுவதும் பரவிவிட்டது. பளையிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். முல்லைத்தீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்கள். கனடாவில் இருப்பவர்கள் வீடியோ கோலில் வரிசையில் நின்றார்கள். தங்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அறிய இத்தனை பேருக்கு ஆவல் இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

கடவுளின் சார்பில் மெஷினை இயக்கியவர் சுவாமி நிருஷானந்தர். முன்பு நெளுக்குளத்தில் கலியாண வீடுகளுக்கு லைட்டும் பாட்டும் போட்ட அதே நிருஷன்தான். ஞானம் எந்தத் திகதியில் வந்தது என்று தெரியவில்லை. லைட்டுகள் மட்டும் பழையவை.

ஆஸ்பத்திரி மெஷினின் காந்தபலம் மூன்று ரெஸ்லா, தன்னுடையது இருபத்தேழு என்றார் சுவாமி. நட்சத்திரத்துக்கு ஒன்று. கத்தோலிக்கர் வந்தால் அப்போஸ்தலருக்கு ஒன்றாகப் பன்னிரண்டுக்குக் குறைத்து வைப்பார். யார் மனமும் நோகக்கூடாது அல்லவா? டொக்டர்மாரின் கண்ணுக்குப் படாத நுண்ணிய மாற்றமெல்லாம் தன் படத்தில் விழும் என்றார். கண்ணூறு விழும், மச்சாள் செய்த சூனியம் விழும், ஏழு தலைமுறைச் சாபமும் விழும். காணிக்கை அவரவர் விருப்பம். விருப்பம் எவ்வளவு என்பதைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்.

மெஷின் என்பது பட்டுத்துணி சுற்றிய ஒரு பெரிய வளையம். நீல லைட் மின்னும். ஆளைப் படுக்கவைத்துத் தலையை உள்ளே தள்ளினால் 'டக டக' என்று சுவர் அதிரும். ஆறு நிமிடத்தில் பளபளப்பான கறுப்புப் படம் ஒன்று கையில் வரும்.

அந்த வரிசையில் ஒரு நாள் தோமஸும் மனைவி அற்புதமும் நின்றார்கள். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். அற்புதத்துக்கு இடையிடையே பார்வை வெறித்துவிடும். வாய் எதையோ மெல்லும். இரண்டு நிமிடத்தில் திரும்பி வருவாள், நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. வலிப்புதான், மூளையில் சின்னத் தழும்பு இருக்கலாம், சாதாரணப் படத்தில் அது தெரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, குளிசை கொடுத்து, நுட்பமான எம்.ஆர்.ஐ. எடுக்க ஆறு கிழமையில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை, சுவாமியிடம் ஆறு நிமிடம். தோமஸ் சுவாமியிடம் வந்தார். அது முதல் தடவை. படத்தில் ஓர் ஆவி விழுந்திருக்கிறது என்றார் சுவாமி. இது இரண்டாவது தடவை, அந்த ஆவியை இறக்குவதற்கு.

வரிசைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி விற்றவள் மீனம்மா. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பெண். அவள் நீட்டிய தேத்தண்ணியை வாங்கிய அற்புதத்தின் பார்வை அப்படியே வெறித்தது. கோப்பை சரிந்து கொதிக்கிற தேத்தண்ணி மடியில் கொட்டியது. அவள் அசையவில்லை. வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது. ஆவி வெளிக்கிடுகிறது என்று சுவாமியின் ஆட்கள் அறிவிக்க, கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த எனக்கு அதுவரை இருந்த சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

மீனம்மா தண்ணீர் ஊற்றி, சேலையை விலக்கிப் பார்த்தாள். தொடை சிவந்து பொங்கியிருந்தது. மருந்து எடுக்கிறதில்லையா என்று தோமஸைக் கேட்டாள்.

"ஒன்பது நாளாக் குடுக்கேல்லை அக்கா. குளிசை போட்டா ஆவி படத்தில ஒளிச்சிடும் எண்டு சாமி சொன்னவர்."

குளிசையும் ஆஸ்பத்திரிக் கடிதமும் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தன. இப்போதே கொடு என்றாள் மீனம்மா. மாட்டேன் என்றார் தோமஸ். ஆவி கோபித்தால் பிள்ளைகளுக்கு ஆகாதாம். மீனம்மா அவருடைய தொப்பியைப் பார்த்தாள். அதன் விளிம்பில் நாலைந்து தூண்டில் முள் குத்தியிருந்தது.

"மொத தடவ வந்த அன்னிக்கும் இந்தத் தொப்பியோடதான் மெஷின்கிட்ட நின்னீங்களா தம்பி?"

"ஓம். இவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

மீனம்மாவின் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் கடைசி யுத்தத்தில் பாய்ந்த ஒரு ஷெல் துண்டு பதினாறு வருடமாக இருக்கிறது. முதுகு வலிக்கு ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனவளை, உடம்பில் இரும்பு இருந்தால் காந்தம் இழுக்கும் என்று வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் நேரே உள்ளே போய், என் முதுகில் இரும்பு இருக்கிறது, படுக்கலாமா என்று சுவாமியைக் கேட்டாள். தாராளமாகப் படுங்கோ என்றார் சுவாமி.

அவள் படுக்கவில்லை. பின்னாலேயே வந்த தோமஸிடம் ஒரு முள்ளை வாங்கி, நைலோன் நூலில் கட்டி, சத்தம் போட்டுக்கொண்டிருந்த வளையத்தின் வாயில் தொங்கவிட்டாள். மூன்று ரெஸ்லா காந்தமே மனிசரை வாசலில் மறிக்கிறது. இருபத்தேழு ரெஸ்லா காந்தத்தின் முன்னால் தூண்டில் முள் தூங்குகிற வௌவாலைப் போலத் தொங்கியது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

சுவாமி அசரவில்லை. இது ஆன்மீகக் காந்தம், இரும்பை இழுக்காது, பாவத்தைத்தான் இழுக்கும் என்றார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு நிம்மதி. தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மீனம்மா நூலைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "பாவத்த இழுக்கிற காந்தம்னா, மூணு மாசமா பக்கத்துலயே நிக்கிற ஒங்கள எப்படிங்க விட்டு வெச்சிச்சு?"

முதலில் சிரித்தது தோமஸ்தான். பிறகு களஞ்சியமே சிரித்தது. சிரித்த வாக்கில் தோமஸ் பட்டுத்துணியை இழுத்தார். உள்ளே கறுப்புத் தண்ணீர்த் தாங்கியின் அறுத்த துண்டு, 'ஆயிரம் லீற்றர்' என்ற எழுத்துக்கூட அழியாமல் இருந்தது. சுவருக்குப் பின்னால் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் ஒன்று டக டக என்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ தன் படத்தைப் பக்கத்து ஆளின் படத்தோடு வைத்துப் பார்க்க, எல்லாரும் பார்த்தார்கள். அத்தனை படத்திலும் ஒரே மூளை. அதுவும் இணையத்தில் எடுத்த இரவல் மூளை.

சுவாமி பின்கதவால் போனதை யாரும் கவனிக்கவில்லை. அற்புதம் கவனித்தது தோமஸின் சட்டைப் பையை.

"குளிசையைத் தாங்கோ," என்றாள்.

மீனம்மாவின் தேத்தண்ணியில்தான் அதை விழுங்கினாள். மீனம்மா காசு வாங்கவில்லை. மறுநாள் முதல் அவளுக்கு வியாபாரமும் இல்லை, வரிசையே இல்லையே.

ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில், கழுத்துச் சிலுவையையும் தோடுகளையும் கழற்றிவைத்துவிட்டு, அற்புதம் உண்மையான மெஷினுக்குள் போனாள். மச்சாளின் சூனியமோ சாபமோ ஒன்றும் அதில் விழவில்லை. அரிசி மணியளவு தழும்பு ஒன்று விழுந்தது. டொக்டர் குளிசையை மாற்றினார். இப்போது பார்வை வெறிப்பது மிகக் குறைவு, அடுப்படிக்கும் பயமில்லாமல் போகிறாள் என்று தோமஸ் மீனம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னார்.

பளைப் பக்கம் இரத்தத்தில் கிரகம் பார்க்கும் ஒருவர் வந்திருக்கிறாராம். வான்கள் அங்கே போகத் தொடங்கிவிட்டன. போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பில் இரும்பைச் சுமந்துகொண்டு பதினாறு வருடம் நடந்துவிட்டோம். தலைக்குள் இருக்கும் மூளை அவ்வளவு பாரமில்லை. வானில் ஏறமுன் ஒரு தடவை பாவித்துப் பாருங்கள்.