அம்மா அவித்த வெடிமா

மா வெடிக்கும் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் யாரும் நம்புவதில்லை. பெற்றோல் வெடிக்கும் என்றால் நம்புகிறார்கள். காஸ் என்றால் தள்ளி நிற்கிறார்கள். மா என்றால் மட்டும் சிரிப்பு. (முதலில் சிரிப்பது என் அம்மா.)

நான் படித்தது தூள்கள் தீப்பிடிப்பதைப் பற்றி. மூட்டையில் கிடக்கும் கோதுமை மா சாதுவானது. அதே மா நன்றாக உலர்ந்து, காற்றில் புகைபோலப் பரவி நிற்கும்போது ஒரு பொறி விழுந்தால் கூரையே போய்விடும். இதைக் கலியாண வீடுகளில்கூட விளக்கிப் பார்த்துவிட்டேன். "அப்ப எங்கட ரொட்டியும் வெடிக்குமோ?" என்று கேட்கிறார்கள்!

எனக்கு இது பகிடி இல்லை. அப்பா மிசிசாகாவில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் மா குழைக்கும் பகுதியில் வேலை செய்கிறார். அப்போதெல்லாம் வீட்டுக்கு வரும்போது கண்ணிமை முழுக்க வெள்ளையாக இருக்கும். அந்தத் தூசியை உறிஞ்சி எடுக்க ஒழுங்கான இயந்திரம் போடுங்கள் என்று மனேஜருக்கு நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்தபோது, அவர் "வந்து வெடிக்கவைத்துக் காட்டுங்கள், பார்ப்போம்" என்றார்.

விட்டேனா! ஆய்வுகூடத்தில் மாவை உலர்த்தி, நுண்ணிய அரிதட்டில் அரித்து, போத்தலில் அடைத்து, டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்டுக்குக் கொண்டுவந்தேன். ஈரம் படாத இடம் என்று குசினி அலுமாரியில், சமையல் சாமான்களோடு வைத்தேன். (ஆம், குசினியில்தான். படித்த பிள்ளை.)

மறுநாள் காலை, தொழிற்சாலையில் மா குழைக்கும் பகுதியை ஒட்டிய அறை. மேசையில் என் கண்ணாடிக் குழாய். எதிரே மனேஜர். வாசலில், தலைக்கு வலை போட்டபடி, பெருமை தாங்காமல் அப்பா. மாவைப் போட்டு, காற்றை ஊதி, பொறியைத் தட்டினேன்.

தொப்.

ஒரு கட்டி மேலே எழும்பி, அப்படியே விழுந்தது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் தொப். "எங்கள் மா பாதுகாப்பானதுதான் போலிருக்கிறது" என்று மனேஜர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போத்தலை முகர்ந்தேன். இடியப்ப வாசம்! அங்கேயே நின்று போன் எடுத்தேன்.

"அம்மா, அலுமாரியில இருந்த மாவை என்ன செய்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை, பச்சை மாவை அப்பிடியே போத்தலில போட்டு வைச்சிருந்தாய். விடிய எழும்பி அவிச்சு, அரிச்சு, சுடச்சுட மூடி வைச்சனான்."

"ஆர் உங்களை அவிக்கச் சொன்னது?"

"ஏன் கத்துறாய்? கட்டிபட்டிட்டுதோ?"

இடியப்பத்துக்கும் புட்டுக்கும் கோதுமை மாவை ஆவியில் அவித்து வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அம்மாவின் கண்ணில் பச்சை மா பட்டால் அவிக்காமல் விடமாட்டார். அது ஆராய்ச்சிக்கான மாவாக இருந்தால் அவருக்கென்ன!

மனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் கதிரையில் ஏறி, கூரையோடு போன குழாயின் மேல் படிந்திருந்த தூசியைக் கையால் வழித்தேன். அவர்களுடைய சொந்தத் தூசி. யாரும் அவிக்காத தூசி. என் கண்ணாடிக் குழாயில் போட்டு, ஊதி, பொறியைத் தட்டினேன்.

டும்!

சுவாலை எழும்பியது. குழாயின் மூடி கூரையில் போய் அடித்தது. தீ எச்சரிக்கை மணி அலற, தொழிற்சாலை முழுவதும் பனிக்குள் ஓடியது. ஜாக்கெட் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த மனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா மட்டும் பக்கத்தில் வந்து, கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உதுக்குள்ளேயோ பிள்ளை நான் இவ்வளவு காலமும் நிண்டனான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

உறிஞ்சும் இயந்திரம் வந்தது. எனக்கு ஒரு நன்றிகூட வரவில்லை. அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்ற உத்தரவுதான் வந்தது. இப்போது அப்பாவின் கண்ணிமை கறுப்பாகவே வீட்டுக்கு வருகிறது. சரி, அது போதும்.

ஆனால் பேர் முழுவதும் அம்மாவுக்கு! போன மாதம் விட்பியில் ஒரு பிறந்தநாள் வீட்டிலும் அம்மா தொடங்கிவிட்டார்.

"மாவை அவிச்சால் வெடிக்காது எண்டு முதல் காட்டினது நான். அதைப் படிக்க இவள் ரெண்டு வருசம் யூனிவர்சிற்றிக்குப் போனவள்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். விஞ்ஞானப்படி அம்மா சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.