இருபத்துநான்கு கதவுப் பரணி

வாழி வீப்கே! ஓல்டன்பூர்க் நகரின் மூன்றாம் மாடி வீட்டை ஆளும் கோமகளே, தன் குலத்தில் முதன்முதலாய்ப் பல்கலைக்கழகப் படி மிதித்தவளே, உணவுப் பொட்டலத்தின் பொடியெழுத்தைப் பூதக்கண்ணாடியின்றிப் படிக்கும் புலிவிழியாளே, வாழி! உன் புகழ் பாடப் புகுந்தோம். கேட்போர் கையிலுள்ள சாக்லேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க.

டிசம்பர் முதல் நாள் காலை. சமையலறைச் சுவரில், கணவன் தோர்பன் வாங்கி மாட்டிய பகைக்கோட்டை பளபளத்தது: கிறிஸ்துமஸ் வரை நாளுக்கொரு கதவு திறந்து, கதவுக்கொரு சாக்லேட் தின்னும் அட்டை நாட்காட்டி. பனிக்கூரையும் கலைமான் வண்டியும் தீட்டிய அவ்வழகினுள் கரந்துறைந்தவனோ கனிம எண்ணெய் என்னும் கொடுங்கோல் அசுரன். பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த அட்டையில் அச்சுமையோடு குடியிருந்து, அரவமின்றி ஊர்ந்து, கொழுப்பு கண்ட இடத்தில் குடிபுகுந்து, உண்டவர் ஈரலில் அமர்ந்துகொண்டு, வாடகையும் தராமல் வெளியேறவும் மறுக்கும் அவ்வற்பனை, அட்டை செய்தவன் தடுக்கவில்லை, விற்றவன் தடுக்கவில்லை, சட்டம் செய்வோரோ ஆண்டுக்கணக்காய்க் கொட்டாவி விட்டார்கள். கோடி கோடியாய்ச் சம்பாதிப்பவன் தூங்க, அடுப்படியில் நிற்கிறவள் வாளெடுக்க வேண்டியதாயிற்று.

"இந்த வீட்டுல ஒரு கதவும் திறக்கக் கூடாது! அந்த அட்டை முழுக்க எண்ணெய்!" என்று முரசறைந்தாள் வீப்கே.

"கட்டைவிரல் அளவு சாக்லேட்டும்மா. அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்றான் தோர்பன், காப்பிக் கோப்பைக்குப் பின்னே பதுங்கியவனாய்.

"உன் ஈரலை நீ என்ன வேணா பண்ணிக்க. இவ ஆறு வயசுப் பிள்ளை!"

அப்பிள்ளையாகிய யெட்டே, ஆகஸ்டில் பள்ளி சேர்ந்து இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகிய இளஞ்சிங்கம், இரவு உடையே கவசமாய் நாற்காலிமேல் ஏறிக் கோட்டையைப் பெயர்த்து மார்போடு அணைத்தாள். சாக்லேட்டுக்கு ஈடாக வால்நட்டும் உலர்ந்த அத்தியும் நிறைத்த துணிப்பைகளைத் தாய் தூதனுப்ப, "அது அணில் சாப்பாடு! நான் என்ன அணிலா?" என்று தூதை விரட்டினாள்.

இழுத்தாள் தாய், இழுத்தாள் மகள். ஒற்றைக் கரும்புக்கு இரு களிறுகள் மல்லாடினாற்போலவும், ஒரு கரைக்கு இரு கடல்கள் பொருதினாற்போலவும், குளிர்பெட்டி அதிர, ரொட்டித் துணுக்கு சிதற அவர்கள் பொருத வேகத்தில் முதற்கதவு பிளந்து, மணிவடிவச் சாக்லேட் ஒன்று தரையில் உருண்டது. உலகம் மூச்சடக்கியது. இறுதி ஆணை பிறப்பிக்குமுன், வாய் திறக்குந்தோறும் செய்யும் தன் வழக்கப்படி, வீப்கே, குளிரில் உதடு வெடிக்காமல் காக்கும் உதட்டுப்பூச்சுக் குச்சியை உறையிலிருந்து வாளென உருவிப் பூசிக்கொண்டாள். "கடைசியாச் சொல்றேன், யெட்டே..."

யெட்டேவின் கண் குச்சியின் பொடியெழுத்தில் நின்றது.

"பா... ரா... ஃபி... னும். அப்படின்னா என்னம்மா?"

ஐயகோ! ஊரிலுள்ள பொட்டலமெல்லாம் படித்தவள் தன் சட்டைப்பையிலிருந்ததைப் படிக்கவில்லை. அசுரனின் உடன்பிறப்பல்லவோ அது! பூசியதில் பாதியை நக்கி விழுங்கி, மீதியை இரவுதோறும் மகள் கன்னத்தில் முத்தமாய் அப்பியிருக்கிறாள்.

"அதுவும்... எண்ணெய்தான்," என்றாள் வீராங்கனை, மிகமிக மெல்ல.

"அப்ப தினமும் நீ தின்னுட்டு, என்னைத் திட்டுறியா?"

தோர்பனுக்குக் காப்பி மூக்கில் ஏறியது.

யெட்டே கோட்டையை நீட்டினாள். "இந்தா. நீயும் அதைக் குடு. ரெண்டும் குப்பைக்கு."

உடன்படிக்கை நிறைவேறியது. வாடை வீச, அரசியும் இளவரசியும் முற்றத்துக் குப்பைத் தொட்டிகளை நோக்கிப் பவனி வந்தார்கள்.

"அட்டையை நீலத் தொட்டியில போடுங்க! மஞ்சள்ல போட்டா வண்டிக்காரன் எடுக்கமாட்டான்!" என்று சன்னலிலிருந்து முழங்கினான் தோர்பன், வாய் நிறைய எதையோ மென்றபடி. தரையில் உருண்ட மணியைக் காணோம்.

சாக்லேட்டுகள் உணவுக்கழிவின் பழுப்புத் தொட்டியில் வீழ்ந்தன. குச்சி நெகிழிக்குரிய மஞ்சளில் மாண்டது. அட்டையோ முறைப்படி காகிதத்துக்குரிய நீலத்துள் புகுந்தது, மீண்டும் அரைபட்டு, மறுபிறவி எடுத்து, அடுத்த டிசம்பரில் புதுக் கலைமானோடு எழுந்தருள! எனினும் வென்றாள் வீப்கே! கையோடு கை கோத்து, வாகை சூடி, மாடியேறினாள் வீப்கே!

மறுநாள் அவளுக்கு உதடு வெடித்துவிட்டது.