கடைசிப் பேரு லெச்சுமி

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுத்தது அப்லோட் நானா. பஸார் முனையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனுசன்; அவர்கள் அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். சொந்தப் பேரு அவருக்கே மறந்திருக்கும்.

செய்த ஆய்வைப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால்தான் பட்டமளிப்புப் பட்டியலில் பேர் வரும். தோட்டத்தில் கிடைக்கிற சிக்னல் பேசுவதற்குத்தான் காணும், ஃபைல் ஏறாது. ஆகவே எல்லாரும் நானாவிடம்தான் ஓடுவோம்.

நானாவுக்கு அது வேலையில்லை, கல்யாண வைபவம். சட்டைப் பையில் மடித்துக் கிடக்கும் தொழுகைத் தொப்பி, ஃபைல் ஏறும்போது மட்டும் தலைக்குப் போகும். பக்கத்துத் தையல் மெஷின் நிற்க வேண்டும். தெருவில் போகிறவன்கூட நெட்டை உறிஞ்சக் கூடாது. ஒரு தடவை ஹட்டன் பஸ்ஸையே மறித்துவிட்டார்.

"கண்டக்டர் தம்பி, எல்லாரையும் டேட்டாவ அணைக்கச் சொல்லுங்க! புள்ளட படிப்பு மேல போய்க்கிட்டு ஈக்குது!"

வேடிக்கை என்னவென்றால், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அணைத்தார்கள்.

என் முறை வந்தது கடைசி நாளில். நாலு மணிக்குக் களஞ்சியத்தை மூடிவிடுவார்கள், தவறினால் அந்த வருசம் பட்டம் இல்லை. மழை வேறு பேய்மழை. நானா நெட் கருவியைக் குடைக்குள்ளே கட்டி என் கையில் கொடுத்தார்.

"வெளிய நின்டு ஒசத்திப் புடிங்க மகள். அசைஞ்சா ஒங்கட பட்டம் போச்சு!"

மூச்சு விடவும் பயந்துகொண்டு நின்றேன்.

உள்ளே இங்கிலிஷ் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம். நிரப்பாமல் நகரமாட்டேன் என்கிறது. நம்ம ஆட்களுக்கு ஏதுங்க லாஸ்ட் நேம்? முன்னால் ஓர் எழுத்து இருக்கும், அது அப்பா. பின்னால் ஒன்றும் கிடையாது. நான் மு. செல்வராணி, அவ்வளவுதான். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் அசைந்துவிடுவேனே! மனுசன் மேசையில் கிடந்த என் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"முனியாண்டி அண்ணன், ஒங்கட வீட்டுல கடைசிப் பேரு என்ன?"

"கடைசியா வச்சதுங்களா? லெச்சுமிங்க. போன கெழமதான் வச்சோம்."

"நல்ல பேரு!" என்று தட்டி ஏற்றிவிட்டார்.

லெச்சுமி எங்கள் பசு போட்ட கன்றுக்குட்டி. என் ஆய்வோ, தோட்டத்து மக்கள் பேர் வைக்கிற முறையைப் பற்றியது. நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

களஞ்சியத்தில் ஏறின பேர்தான், லாஸ்ட் நேம் முன்னால் வர, பட்டமளிப்புக்கும் போனது. அம்மா, அப்பாவோடு நானாவும் வந்திருந்தார். "ஏத்தினவன் நான், போய்ச் சேந்திச்சான்னு பாக்க வாணாமா?" என்றார்.

"லெச்சுமி செல்வராணி!" என்று கூப்பிட்டதும் அப்பா எழும்பியே விட்டார். "ஏ புள்ள, நம்ம கன்னுக்குட்டிக்கும் பட்டம் குடுக்குறாங்க!" என்று அம்மாவை உலுக்கினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மானம் கப்பலேறியது.

மேடையிலிருந்து நானாவைத் தேடினேன். பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து ஆட்களிடம் போனை அணைக்கச் சொல்லிக் கையால் மன்றாடிக்கொண்டிருந்தார்.

அந்த மனுசன் மேல் எனக்கு உயிர். பட்டத்தை வாங்கின பிறகும், அவர் தொப்பியைக் கழற்றும்வரை நான் அசையவே இல்லை.