தன்லியினில் ஒரு கல்யாணத்தில் ஓடிய பாட்டு

பாடகனுக்கு வரக்கூடிய பெரிய வியாதி தொண்டைக்கட்டு இல்லை. தன் குரலைத் தவிர வேறு எதுவும் காதில் விழாமல் போவதுதான். எனக்கு அது இருபத்து மூன்று வயதில் முற்றியது. அதனால் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன், ஒரு பெண்ணின் விரலை உடைத்தேன், ஒரு நண்பனை இழந்தேன். முதல் இரண்டையும் இப்போது சொல்லிச் சிரிக்க முடிகிறது.

ரங்கூனின் தாமுவே பகுதியில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் 'தாமுவே தண்டர்' என்ற ராக் குழு இருந்தது. மொத்தம் மூன்று பேர். டிரம்ஸ் வாசித்தவன் ஸோ ஸோ, பர்மியன், பகலில் ஐஸ் லாரியில் வேலை. கிட்டாரும் பாட்டும் நான். பேஸ் கிட்டார் சவரிமுத்து. குழுவை ஆரம்பித்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். (கேட்காதவர்களிடமும் சொன்னேன்.) உண்மையில் ஆரம்பித்தவன் சவரி. கொட்டகையைப் பிடித்தது அவன். செத்துப்போன ரேடியோக்களின் வயிற்றைக் கிழித்து ஆம்ப்ளிஃபயர் கட்டியது அவன். ஸோ ஸோவைக் கூட்டி வந்ததும் அவன்தான்.

என்னைச் சேர்த்ததும் அவனே. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்கி, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் ஒரு மழைக்காலம் நின்று, கடைசியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர் கூவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சவரி சொன்னான்:

"ஒந்தொண்ட வீணாப் போவுது. சாயங்காலம் வந்து பாடு."

"எனக்குப் பாட்டு தெரியாதே."

"தாமுவே தாமுவேன்னு காலைலேர்ந்து பாடிக்கிட்டுத்தானே இருக்க. அதையே கொஞ்சம் நிறுத்திப் பாடு."

மேடையில் சவரி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, டிரம்ஸைப் பார்த்தபடி நிற்பான். எங்கள் ரசிகர்களுக்கு (பதினோரு பேர், அதில் நான்கு பேர் உறவு) அவன் சட்டையின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். எங்கள் பாட்டில் ஏதோ ஒரு கனம் இருக்கிறது, கேட்டால் கால் தரையில் ஊன்றுகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அந்தக் கனம் என் குரல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் ஒரு ரெக்கார்டிங்காரர். எங்கள் பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, "பேஸ் ஒரு இழை லேட்டா வருதே, கவனிச்சியா?" என்றார். நான் கவனித்ததே இல்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயமாகிவிட்டது. ஒவ்வொரு பாட்டிலும் "லேட்டு, லேட்டு" என்று தலையாட்டினேன். அந்தச் சமயத்தில்தான் தன்லியினில் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. எங்கள் முதல் பெரிய மேடை. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது, பன்னிரண்டு பெண்கள் இரண்டு வரிசையாகக் கோலாட்டம் ஆட வேண்டும், நடுவே ஜோடி நடந்துவர வேண்டும். அதற்கு எங்கள் சொந்தப் பாட்டு. அந்தப் பெண்கள் இரண்டு மாதமாக எங்கள் ஒத்திகை ரெக்கார்டிங்கைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு பெரிய மேடையில் முதுகைக் காட்டிக்கொண்டு லேட்டாக வாசிக்கும் ஆள் எதற்கு? கோ தூரா என்று ஒருவரைப் பிடித்தேன். தோள்வரை முடி, கறுப்புத் தோல் ஜாக்கெட், கடிகாரம் போல வாசிப்பு.

சவரியிடம் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். மொஹிங்கா சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன், நான் அவ்வளவு நல்லவன்.

"இந்த ஒரு புரோகிராமுக்கு நீ ரெஸ்ட் எடு, சவரி."

அவன் குவளையைக் கீழே வைத்தான்.

"யா பாடெ," என்றான். பரவாயில்லை என்று பர்மிய மொழியில். எங்களுக்கெல்லாம் வலிக்கும்போது தமிழ் வருவதில்லை. "ஆம்ப் ஏத்தணுமா? நான் லைன் கார்ல ஏத்தி விடுறேன்."

"ஏத்தி விடு."

"ஸோ ஸோவ மட்டும் பாத்துக்க. கூட்டத்தக் கண்டா அவங் கை ஓடும்."

"அதெல்லாம் கோ தூரா பாத்துப்பாரு," என்றேன். சொன்னபடியே அவன் கல்யாணத்தன்று காலை ஆம்ப்ளிஃபயரைத் தன் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றி, கயிறு கட்டி, பாலம் தாண்டும்போது குலுங்கும் என்று அடியில் ஒரு சாக்கும் மடித்து வைத்துவிட்டுப் போனான்.

மண்டபத்தில் ஐந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஸோ ஸோ அதுவரை ஐம்பது பேருக்கு மேல் பார்த்ததில்லை. வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வந்து நின்றார்கள். கோலாட்டப் பெண்கள் வரிசை கட்டினார்கள். முதலில் நின்றவர் தோ மீனா (மூத்த பெண்களுக்கு இங்கே 'தோ' போடுவோம்), மாப்பிள்ளையின் அத்தை, ஐம்பது தாண்டியவர், ஒரு முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். நான் கையைத் தூக்கினேன். பாட்டு தொடங்கியது.

நாலு அடி நன்றாகத்தான் போனது. ஐந்தாவதில் ஸோ ஸோ தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தான். அவன் கை ஓடத் தொடங்கியது. இழுத்துப் பிடிக்க எதிரில் ஆளில்லை. கோ தூரா நல்ல வித்வான், டிரம்ஸ் எங்கே போனாலும் ஒரு நூல் பிசகாமல் கூடவே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்க இடமில்லாமல் பாதிச் சொற்களை முழுங்கினேன். பல்லவி எங்கே முடிந்தது, சரணம் எங்கே தொடங்கியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோலாட்டக் கோல்கள் முதலில் 'டக், டக்' என்றன. பிறகு மழை பெய்தது போலச் சடசடத்தன. தோ மீனாவின் ஒரு கோல் கைநழுவி, மேலே பறந்து, மாப்பிள்ளையின் அம்மா ஏந்தி நின்ற ஆரத்தித் தட்டில் விழுந்தது. குங்குமத் தண்ணீர் அவர் பட்டுப்புடவையில் அபிஷேகம் ஆனது. பின்வரிசையில் ஒரு பெண் "ஆ" என்று சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடுவில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, அடி தன் மேல் விழுமோ என்று பயந்து, மணப்பெண்ணின் கையை விட்டுவிட்டுத் தனியாக மணமேடைக்கு ஓடிவந்து ஏறினார். வீடியோ எடுப்பவர் அதையும் எடுத்தார். ஆறு நிமிடப் பாட்டு நாலு நிமிடம் ஆகும் முன்பே முடிந்துவிட்டது. பெண் இன்னும் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அமைதியாகக் கேட்டார்: "ஏந்தம்பி, பஸ்ஸு ஏதும் புடிக்கணுமா?"

நான் மேடைக்குப் பின்னால் ஒளிந்தேன். விரலில் அடிபட்ட பெண் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

"அண்ணே, சவரி அண்ணன் எங்க?"

(முதல் வார்த்தையே 'அண்ணே'. அதை வாபஸ் வாங்க வைக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அவள்தான் ராணி, இப்போது என் மனைவி.)

"அவன ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"வாராவாரம் பாலந் தாண்டி வந்து எங்க காலப் பாத்துக்கிட்டு நிப்பாரே. மீனா அத்தைக்கு முட்டி மடங்க நேரமாவுதுன்னு அவுங்க காலுக்குத் தக்கனதான் பாட்டையே நிறுத்திப் பதிவு பண்ணிக் குடுத்தாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் இரண்டு மாதமும் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை க்யிம்யிண்டைங்கில் சவரி ஆர்மோனியம் வாசிக்கும் சிறிய தேவாலயத்துக்குப் போனேன். நான் மாரியம்மன் கோயில்காரன், எங்கே உட்காருவது என்று தெரியாமல் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே முப்பது பேர், பெரும்பாலும் வயதானவர்கள். அங்கேயும் சவரி முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தான். அவர்கள் ஒரு வரியைப் பாடி முடிப்பார்கள். முடிந்துவிட்டது என்று நினைப்போம். முடிந்திருக்காது. மூலையில் ஒரு குரல் இன்னும் அந்த வரியின் கடைசிச் சொல்லிலேயே இருக்கும். சவரி கட்டையை விடாமல் அழுத்தியபடி இருப்பான். அந்தக் குரலும் வந்து சேர்ந்து, மூச்சும் வாங்கிய பிறகு, ஒரு இழை தள்ளி அடுத்த சுரத்தை வைப்பான். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் கைக்குத் தெரிந்த தாளம் இது ஒன்றுதான். அதைத்தான் எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தான். எங்கள் குழுவின் சத்தம் என்று ஊர் சொன்னது இதுதான். என் குரல் அதன்மேல் சவாரி செய்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"திரும்ப வா, சவரி."

"விரல் ஒடஞ்ச புள்ள எப்பிடி இருக்கு?"

"கட்டுப் போட்டிருக்கு. நீ வா."

"பாஸ்போர்ட் வந்துருச்சு, மணி. பினாங்குல ஒரு நாற்காலி ஃபேக்டரி. அடுத்த வாரம்."

"எப்ப எழுதிப் போட்ட?"

"டீ குடிச்சோமே, அதுக்கு மறுநா." கோபமாகச் சொல்லவில்லை. நாளைச் சொன்னான், அவ்வளவுதான். "ஆம்ப் ஒங்கிட்டயே இருக்கட்டும். மழைல நனைய விடாத."

தாமுவே தண்டர் அதன்பின் இரண்டு மேடை ஏறியது. இரண்டிலும் பாட்டு ஓடியது. பிறகு நானும் ஓடினேன். மௌலமியாய்னில் ரப்பர் தோட்டம், எல்லை தாண்டி மீன் வெட்டும் வேலை, காய்ச்சலோடு ஒரு வருடம், மறுபடி ரங்கூன். போன இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு குழு பாடினால் நின்று கேட்பேன். நல்ல பாடகர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்காக ஒரு இழை பொறுத்து வாசிப்பவன் ஒருவனும் கிடைக்கவில்லை.

போன வருடம் பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். சவரியோடு ஒரே அறையில் இருந்தவர்.

"சவரி அண்ணன் அங்க ஒரு கல்யாணக் கதை சொல்வாரு. மாப்பிள்ள பொண்ண விட்டுட்டு ஓடுன கதை. நாங்க வயிறு வலிக்கச் சிரிப்போம். அன்னிக்குப் பாத்து அவருக்குக் காய்ச்சலாம், மேடைக்கு வர முடியலியாம். நான் இல்லாமப் போயிட்டேனே, பசங்க தவிச்சிருப்பாங்களேன்னு இன்னிக்கும் வருத்தப்படுவாரு."

ராணி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

"காய்ச்சலா?" என்றாள். டீக்கடையில் நடந்தது அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்காகிவிட்டது. யாரையாவது வேண்டுமென்றே விட்டுவிட்டால் அவர்களுக்குக் 'காய்ச்சல்'. போன மாதம் மகள் தன் பிறந்தநாளுக்கு ஒரு தோழியைக் கூப்பிடவில்லை. "ஏன், அவளுக்குக் காய்ச்சலா?" என்று ராணி வளைந்த சுண்டுவிரலை ஆட்டிக் கேட்டாள். மகள் சிரித்துக்கொண்டே போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

என்னிடமும் ஒரு நம்பர் இருக்கிறது. பினாங்குக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. மழை விடட்டும், கரண்ட் வரட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நம்பர் இருப்பதை ராணியிடம் சொல்லவில்லை. அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.