விருந்தாளிக்கு நீட்டிய பவுடர் டப்பா

கேமரா என்று யாராவது சொன்னால் என் கை தானாகப் பவுடர் டப்பாவைத் தேடும். அந்தக் கை ஒருநாள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

பாரிஸ் டிவி நிருபர் ஒருவர் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. புதுச்சேரிக் குடும்பங்களில் பிரெஞ்சு இன்னும் பேசப்படுகிறதா என்பது செய்தி. என் ஐந்து வயது மகள் மீனு ஒரு பிரெஞ்சுப் பாட்டுப் பாட வேண்டும். மீனு என்னைப் போல நல்ல கருப்பு. டிவியில் எப்படி விழுவாளோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. (பாட்டு வருமா என்பதெல்லாம் அடுத்த கவலை.)

அவளுக்கு மூன்றாவது கோட்டிங் அடிக்கும்போது மணி அடித்தது. நிருபர் மரியம், கேமராக்காரரோடு நின்றார். நெடுநெடு உயரம். என்னைவிடக் கருப்பு. வெயிலில் வந்த பெண்ணுக்கு முகம் கழுவத் தண்ணீர், துண்டு, பவுடர் கொடுப்பது எங்கள் வீட்டு மரியாதை. கொடுத்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "கொஞ்சம் போட்டுக்கோங்க, டிவியில கருப்பா தெரியும்" என்றேன்.

கேமராக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். "அடிப்பாவி!" என்றார் என் கணவர். (நல்லவேளை, தமிழில்.)

பேட்டி போச்சு என்று நினைத்தேன். மரியம் டப்பாவை முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"முதல் வேலையில, மேக்கப் ரூம்ல என் நிறத்துக்குப் பவுடரே இல்ல. இருந்ததைப் பூசி உட்கார வெச்சாங்க. செய்தி முடிஞ்சதும் எங்கம்மா போன்ல, 'உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாங்க. லைட்டும் வேற யாரோ முகத்துக்கு வெச்சது. கேட்டுப் பார்த்தேன், யாரும் மாத்தல. நானே கத்துக்கிட்டேன்."

துண்டை நனைத்து, மீனுவைக் காட்டி என்னிடம் நீட்டினார். "தொடச்சிடுங்க."

துடைத்தேன். விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மீனுவின் முகவாயை ஜன்னலை நோக்கி லேசாக உயர்த்தினார். அவர் தலையசைக்கும்வரை கேமராக்காரர் காத்திருந்தார். கேமராவின் சின்னத் திரையில் மீனுவின் கன்னமும் மூக்கும் மினுமினுத்தன. நிறம் ஒரு துளிகூட மாறவில்லை. இந்த முகத்தின் மேலா இத்தனை நாள் மாவு அப்பிக்கொண்டிருந்தேன்! பாட்டின் பாதியை அவள் விழுங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

போன மாதம் கொழுந்தன் கல்யாணத்தில் போட்டோக்காரர், "பாப்பா டல்லா விழுதும்மா, கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வாங்க" என்றார். என் கை பைக்குள் போனது. அதற்குள் மீனு, "பவுடர் வேணாம் அண்ணா, லைட்ட செவுத்துப் பக்கம் திருப்புங்க" என்றாள். திருப்பினார். மொத்த ஆல்பத்திலும் நாங்கள் எல்லோரும் நாங்களாகவே விழுந்திருப்பது அந்த ஒரு படத்தில்தான்.

இப்போது வீட்டில் யார் படமெடுக்கப் போனைத் தூக்கினாலும் என் கணவர் பவுடர் டப்பாவோடு வந்து நிற்கிறார்: "மேடம், மொதல்ல விருந்தாளிக்கு!"